ஹார்ட்வேர் டைமர் சொதப்பினால் எங்கே பார்ப்பது: அறிகுறிவாரியாக

பெங்களூருவில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் சிப்பில் ஓடும் நிரல்) வேலைக்குச் சேர்பவர்களுக்குப் புது ப்ராஜெக்ட் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் கையில் வருவது யாரோ எழுதி, அவர் வேறு கம்பெனிக்குத் தாவியபின் இன்னும் சிலர் ஒட்டுப்போட்ட பழைய நிரல்தான். சிப்புக்குள் க்ளாக் துடிப்புகளை எண்ணி நேரம் அளக்கும் டைமரை இனிஷியலைஸ் செய்யும் வரிகள் மூன்று ஃபைல்களில் சிதறிக் கிடக்கும், ஓரிடத்தில் 7199, இன்னோரிடத்தில் 7200, ஏன் என்று எங்கேயும் எழுதியிருக்காது, நடுவில் 'இதைத் தொடாதே' என்று ஒரு கமென்ட் வேறு. கூடவே ஃபீல்டிலிருந்து புகார் வரும்: "அண்ணா, ரிலே சில நேரம் லேட்டா விழுது."

முதலில் நிரலைச் சுத்தம் செய்வதா, பிழையைப் பிடிப்பதா? பிழையைத்தான். சுத்தம் செய்தால் டைமிங் மாறும், டைமிங் மாறினால் அறிகுறியும் மாறும், அப்புறம் பிழை போய்விட்டதா ஒளிந்துகொண்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தைப் பற்றியவை (எஃப்103, எஃப்4, எஃப்407 எல்லாம் அதன் வகைகள்), ஏனென்றால் இங்கே எஸ்பி ரோடு மார்க்கெட்டில் வாங்கும் ப்ளூ பில் போர்டிலிருந்து பீன்யா தொழிற்பேட்டையில் செய்யும் கன்ட்ரோல் பேனல் வரை அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. மற்ற சிப்களில் ரெஜிஸ்டர் (சிப்பின் அமைப்புகளை எழுதும் இடம்) பெயர் மாறும், கதை அதேதான்.

எதையும் மாற்றும் முன்

காலியாக இருக்கும் ஒரு பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். டைமர் இன்டரப்ட்டுக்குள் (டைமர் எண்ணி முடித்ததும், ஓடும் வேலையை இடைநிறுத்தி ஓடும் ஃபங்ஷன்) நுழைந்ததும் அதை ஹை ஆக்குங்கள், வெளியே வரும்போது லோ ஆக்குங்கள். அதைப் பதிவு செய்து பார்க்க 24 மெகாஹெர்ட்ஸ், எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பிரிண்ட் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம்: சீரியல் போர்ட்டில் 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் ஓர் எழுத்து வெளியே போக சுமார் 87 மைக்ரோசெகண்ட் ஆகிறது, இருபது எழுத்து கொண்ட ஒரு வரிக்கு 1.7 மில்லிசெகண்ட், நீங்கள் தேடுவதோ 1 மில்லிசெகண்ட் டைமரில் இருக்கும் பிழை. தேடும் கருவியே பிழையை உண்டாக்கிவிடும்.

அளந்ததும் மூன்று எண்களை எழுதுங்கள்: எதிர்பார்த்த காலம், அளந்த காலம், இரண்டுக்கும் உள்ள விகிதம். அடுத்து வரும் அறிகுறியில் பாதி வேலையை இந்த விகிதமே செய்துவிடும்.

நேரம் ஒரு நிலையான விகிதத்தில் தப்பாக இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார், கண்டுபிடிப்பதும் இதுதான் எளிது. டைமரின் கணக்கு இவ்வளவுதான்: டைமருக்கு வரும் க்ளாக்கை, ப்ரீஸ்கேலருடன் (க்ளாக்கைக் குறைக்கும் எண்) ஒன்று கூட்டி, ரீலோட் மதிப்புடன் (கவுண்டர் எண்ணும் உச்சம்) ஒன்று கூட்டி, இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும், கிடைப்பது நொடிக்கு எத்தனை இன்டரப்ட் என்பது. பிழை எப்போதும் இந்த மூன்று எண்களில் ஒன்றில்தான் இருக்கும்.

விகிதம் சரியாக 2 என்றால் பஸ் (சிப்பின் உள்பகுதிகளை இணைக்கும் பாதை) க்ளாக்கையும் டைமர் க்ளாக்கையும் ஒன்றென்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எஃப்103 சிப் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது ஏபிபி1 பஸ் 36க்கு மேல் போகக் கூடாது, ஆனால் பஸ் ப்ரீஸ்கேலர் 1 இல்லை என்றால் டைமருக்குப் போகும் க்ளாக் பஸ்ஸைப் போல் இரண்டு மடங்காகிவிடும். ஆக டைமர் 2, 3, 4 மூன்றுக்கும் கிடைப்பது 72தான். எஃப்407இல் 168 மெகாஹெர்ட்ஸில் ஏபிபி1 பஸ் 42, அதிலுள்ள டைமர்களுக்கு 84. ஏபிபி2 பஸ் 84, அதிலுள்ள டைமர்களுக்கு 168. ரெஃபரன்ஸ் மேனுவலில் க்ளாக் ட்ரீ படத்தில் இது ஒரு சின்னப் பெட்டியாக ஓரத்தில் இருக்கும், பலர் கண்ணுக்கே படாது.

எல்லாமே 3.125 மடங்கு மெதுவாக இருந்தால் 25ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள். எஃப்4 லைப்ரரியில் வெளிக் கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ் என்று இயல்பாகவே வைத்திருந்தார்கள், டிஸ்கவரி போர்டில் இருப்பதோ 8. கிரிஸ்டலின் க்ளாக்கைப் பெருக்கித் தரும் பிஎல்எல்லும் 25க்கே அமைந்திருந்தால் 168க்குப் பதில் 53.76இல்தான் சிப் ஓடும். சீரியல் போர்ட்டிலும் குப்பை எழுத்துகள் வந்தால் சந்தேகமே வேண்டாம், டைமரை விட்டுவிட்டுக் க்ளாக் அமைப்பைப் பாருங்கள்.

எஃப்103இல் 9 மடங்கு மெதுவா? அப்படியானால் கிரிஸ்டல் ஓடவே இல்லை. பழைய ஸ்டாண்டர்ட் லைப்ரரி, கிரிஸ்டல் கிளம்பாவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரிலேயே தொடர்ந்துவிடும், 72க்கு 8. கிளம்பாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய எல்ஸ் பகுதி பல ப்ராஜெக்ட்களில் வெறும் கமென்ட்டோடு காலியாக இருக்கும். அங்கே குறைந்தபட்சம் ஓர் எல்இடியையாவது மின்ன விடுங்கள்.

விகிதம் எந்த அழகான எண்ணும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதேதான் வருகிறதா? ரீலோட் மதிப்பு 16 பிட்டில் அடங்கவில்லையா என்று பாருங்கள். எஃப்4இல் டைமர் 2உம் 5உம் 32 பிட், எஃப்103இல் அதே டைமர் 2 வெறும் 16 பிட். விலை குறைக்க வேண்டும் என்று எஃப்4 நிரலை எஃப்103க்கு மாற்றும்போது 100 மில்லிசெகண்டுக்காக எழுதிய 99999, மேல் பிட்கள் வெட்டுப்பட்டு 34463 ஆகிவிடும், கிடைப்பது 34.464 மில்லிசெகண்ட். இதேபோல் ப்ராசசரோடு வரும் சிஸ்டிக் என்ற டைமர் 24 பிட்தான். 72 மெகாஹெர்ட்ஸில் 0.233 நொடிக்கு மேல் அதனால் எண்ண முடியாது. ஒரு நொடி கேட்டால் கான்ஃபிக் ஃபங்ஷன் 1 என்று பிழையைத் திருப்பித் தரும், அந்த மதிப்பை யார் பார்க்கிறார்கள்?

விகிதம் கிட்டத்தட்ட 1, ஆனால் ஒரு நாளில் நழுவுகிறது

நழுவல் எவ்வளவு என்பதே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். நல்ல கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் நாளுக்கு 1.7 நொடி. அதைவிட அதிகமாக, நாளுக்கு 12 நொடி பின்தங்குகிறது என்றால் கிரிஸ்டலைத் திட்டாதீர்கள், ப்ரீஸ்கேலரில் 7199க்குப் பதில் 7200 இருக்கும். ரீலோடில் 9999க்குப் பதில் 10000 இருந்தால் இன்னும் 8.6 நொடி. இரண்டும் சேர்ந்தால் நாளுக்கு இருபது நொடிக்கு மேல், ஆனால் மேஜையில் ஒரு நிமிடம் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நாளுக்குப் பல நிமிடங்கள் என்றால் உள் ஆர்சி ஆசிலேட்டர். 1 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஒரு நாளில் அது 14 நிமிடம். சீரியல் போர்ட் அந்த அளவைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அதோடு அந்த 1 சதவீதமே 25 டிகிரிக்குச் சொல்வது. பெங்களூரு ஆபீஸ் ஏறக்குறைய வருடம் முழுக்க அதே 25 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கிறது, போர்டோ மே மாதம் வேலூரில் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்காரப் போகிறது. இங்கே லேபில் அளந்து திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். ஹாட் ஏர் கன்னைத் தள்ளிப் பிடித்தாவது போர்டைச் சூடாக்கி மறுபடி அளங்கள்.

நழுவல் சீராக இல்லாமல் லோடு ஏறும்போது கூடினால் அது மென்பொருள்தான். கவுண்டர் குறித்த எண்ணைத் தொட்டதும் வரும் கம்பேர் இன்டரப்ட்டுக்குள் அடுத்த நேரத்தை 'இப்போதைய கவுண்டர் கூட்டல் இடைவெளி' என்று எழுதியிருப்பார்கள். இன்டரப்ட் தாமதமாக வந்த ஒவ்வொரு முறையும் அந்தத் தாமதம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். கவுண்டரைப் படிக்காமல் கம்பேர் ரெஜிஸ்டரின் பழைய மதிப்போடு இடைவெளியைக் கூட்டுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு சிப்களுக்கான இயங்குதளம்) டாஸ்க்கிலும் இதே வியாதிதான், அங்கே டாஸ்க் டிலேக்குப் பதில் டிலே அன்டில்.

இன்டரப்ட் தேவையில்லாமல் ஒரு முறை கூடுதலாக வருகிறது

டைமரைக் கிளப்பிய அதே கணத்தில் வந்தால்: ப்ரீஸ்கேலரை உள்ளே ஏற்ற அப்டேட் நிகழ்வைக் (வழக்கமாகக் கவுண்டர் சுற்றும்போது நடப்பது) கையால் உண்டாக்கியிருப்பீர்கள், சிப் கம்பெனி தரும் ஹால் லைப்ரரி அதைத் தானே செய்யும், அதனால் அது நடந்ததைக் காட்டும் அப்டேட் ஃப்ளாக் ஏற்கெனவே ஏறி நிற்கும். இன்டரப்ட்டை எனேபிள் செய்வதற்கு முன் ஃப்ளாக்கைத் துடைத்துவிடுங்கள், முடிந்தது.

ஒவ்வொரு முறையும் இரட்டையாக வந்தால்: ஃப்ளாக்கைத் துடைக்கும் வரி இன்டரப்ட்டின் கடைசியில் இருக்கிறது. அந்த எழுத்து பஸ் வழியாக டைமரைப் போய்ச் சேர்வதற்குள் ப்ராசசர் வெளியே வந்துவிடும், ஃப்ளாக் இன்னும் நிற்பதாக நினைத்து மறுபடி உள்ளே நுழையும். துடைப்பதை முதல் வரிக்குக் கொண்டுபோங்கள்.

துடைக்கும் விதத்தையும் அப்படியே பாருங்கள். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டை மட்டும் அழித்து, திரும்ப எழுதும் வழக்கம் இங்கே ஆபத்து. இந்த ரெஜிஸ்டரில் 0 எழுதினால் அழியும், 1 எழுதினால் ஒன்றும் ஆகாது. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் வெளியிலிருந்து பல்ஸ் வந்த நேரத்தைப் பிடித்ததும் ஏறும் கேப்சர் ஃப்ளாக் ஏறினால் அதையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள், சென்சர் பல்ஸ் ஒன்று காணாமல் போகும், மாதத்துக்கு ஒரு முறை. படிக்காமல், அழிக்க வேண்டிய பிட் மட்டும் 0, மற்றவை 1 என்று நேரடியாக எழுதுங்கள்.

எப்போதாவது ஒரே ஒரு நீண்ட இடைவெளி

ஸ்டெப்பர் மோட்டார் சீராக வேகம் எடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு உதறல். அனலைசரில் பார்த்தால் 65 மில்லிசெகண்டுக்கு மேல் ஒரு வெற்றிடம். கவுண்டர் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் 65536 எண்ண 65.536 மில்லிசெகண்ட் ஆகும், இந்த எண்ணைக் கண்டதும் காரணம் புரிந்துவிட வேண்டும். கவுண்டர் 800இல் இருக்கும்போது ரீலோடை 1000இலிருந்து 700க்குக் குறைத்திருக்கிறீர்கள். 700ஐ அது ஏற்கெனவே தாண்டிவிட்டது, இனி 65535 வரை போய்ச் சுற்றி வந்தால்தான் உண்டு. ஆட்டோ ரீலோட் ப்ரீலோட் பிட்டைப் போட்டால் புது மதிப்பு அடுத்த அப்டேட்டில்தான் உள்ளே போகும், உதறல் நிற்கும்.

நேரம் பின்னோக்கிப் போகிறது

லாகில் ஒரு வரியின் நேரம் முந்தைய வரியைவிடக் குறைவாக இருக்கிறது, அதுவும் இருக்க வேண்டிய மதிப்பைவிடச் சரியாக 65536 குறைவு. இது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் இதற்கு எழுதப்படும் தீர்வுகளில் பாதி தப்பு.

16 பிட் கவுண்டரை வைத்துக்கொண்டு, அது சுற்றும் ஒவ்வொரு முறையும் இன்டரப்ட்டில் ஒரு வேரியபிளைக் கூட்டி, இரண்டையும் சேர்த்து 32 பிட் நேரம் செய்கிறார்கள். மெயின் லூப் மேல்பாதியைப் படிக்கிறது, 5. அந்தக் கணத்தில் கவுண்டர் சுற்றுகிறது, இன்டரப்ட் வந்து மேல்பாதியை 6 ஆக்குகிறது. திரும்பி வந்து கீழ்பாதியைப் படித்தால் 2. நமக்குக் கிடைப்பது ஐந்தும் இரண்டும், உண்மை ஆறும் இரண்டும்.

உடனே எல்லோரும் செய்வது இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுப் படிப்பது. அதனால் பிழை போகாது, வேறு ரூபத்தில் வரும்: இன்டரப்ட் நின்றிருக்கும்போதும் கவுண்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சுற்றிவிட்டால் மேல்பாதியைக் கூட்ட ஆளில்லை. இரண்டு வழிகள் உண்டு. இன்டரப்ட் திறந்திருக்கும் இடத்தில் மேல்பாதி, கீழ்பாதி, மறுபடி மேல்பாதி என்று படியுங்கள். இரண்டு மேல்பாதிகளும் ஒன்றாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். இன்டரப்ட் மூடியிருக்கும் இடத்திலோ அல்லது அதைவிட உயர்ந்த முன்னுரிமையுள்ள இன்னொரு இன்டரப்ட்டிலோ இது பலிக்காது. அங்கே கீழ்பாதியைப் படித்தபின் அப்டேட் ஃப்ளாக்கைப் பாருங்கள், ஃப்ளாக் ஏறியிருந்து கீழ்பாதி 32768க்குக் குறைவாகவும் இருந்தால் மேல்பாதியுடன் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் எழுதி, நேரம் வேண்டுமென்றால் அதை மட்டுமே கூப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்.

ஆர்டுயினோ போன்ற 8 பிட் ஆட்களுக்கு இன்னொன்று: அங்கே 16 பிட் டைமரைப் படிப்பதே இரண்டு பைட்டாகத்தான் நடக்கிறது, நடுவில் ஒரு தற்காலிக ரெஜிஸ்டர் இருக்கிறது, இன்டரப்ட்டும் அதையே பயன்படுத்தினால் படிக்கும் மதிப்பு கெடும். அங்கே மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திப் படிப்பது சரி.

ஏழு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு மக்கர் செய்கிறது

32 பிட் மில்லிசெகண்ட் எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்கு வரும். விண்டோஸ் 95 தொங்கியதும் இதே 49.7 நாளில்தான். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்கள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் தங்களையே நிறுத்திக்கொள்ளும் என்று அமெரிக்க விமானத்துறை 2015இல் உத்தரவு போட வேண்டி வந்தது; நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 31 பிட் நிரம்ப ஆகும் காலமும் அதுதான். பெரிய ஆட்களே தப்பவில்லை.

தீர்வு ஒரு வரி. 'இப்போது >= தொடக்கம் + இடைவெளி' என்று ஒப்பிடாதீர்கள். 'இப்போது − தொடக்கம் >= இடைவெளி' என்று ஒப்பிடுங்கள், மூன்றுமே குறியில்லாத 32 பிட். கழித்தல் சுற்றிலும் சரியாகவே வரும். இதைச் சோதிக்க ஏழு வாரம் காத்திருக்கத் தேவையில்லை: எண்ணியின் தொடக்க மதிப்பைப் பூஜ்யமாக வைக்காமல், நிரம்ப ஐந்து நிமிடம் இருக்கும்படி வையுங்கள். லினக்ஸ் கெர்னல் ஜிஃபீஸ் என்ற தன் எண்ணியைத் தொடங்குவதே இப்படித்தான்.

டீபக் பில்டில் ஓடுகிறது, ரிலீஸ் பில்டில் ஓடவில்லை

'இந்த வேரியபிள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்' என்று கம்பைலருக்குச் சொல்லும் வாலடைல் விட்டுப்போயிருக்கும், அல்லது வெற்று ஃபார் லூப்பில் எழுதிய டிலேயைக் கம்பைலர் துடைத்துப் போட்டிருக்கும். ஆனால் வாலடைல் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஒரு கவுண்டரை மெயினும் கூட்டி இன்டரப்ட்டும் கூட்டினால் வாலடைல் காப்பாற்றாது, படித்தல், கூட்டல், எழுதுதல் மூன்றும் தனித்தனி வேலைகள். போர்ட் அவுட்புட் ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை மாற்றும்போதும் இதே சிக்கல்தான், அதற்கென்றே செட்/ரீசெட் ரெஜிஸ்டர் தனியாக இருக்கிறது. வெற்று லூப் டிலேக்கள் க்ளோன் சிப் வந்தாலும் வேகம் மாறும். கண்ணில் பட்டதும் தூக்கிவிடுங்கள்.

நேர்மாறாக, பிரேக்பாயின்ட் போட்டால் மட்டும் கெடுகிறதா? ப்ராசசர் நின்றாலும் டைமரும், நிரல் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாகும் ஓடிக்கொண்டே இருக்கும். டீபக் மாட்யூலில் ஒவ்வொரு டைமருக்கும் ஒரு ஸ்டாப் பிட் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

சின்னச் சின்னவை

டைமர் 1இல் பிடபிள்யூஎம் (அகலம் மாறும் பல்ஸ் வெளியீடு) எல்லாம் சரியாக இருந்தும் பின்னில் ஒன்றுமே வரவில்லை என்றால் மெயின் அவுட்புட் எனேபிள் பிட்டைப் போடவில்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் சேர்த்ததும் டைமர் இன்டரப்ட்டில் அசெர்ட் விழுந்தால் முன்னுரிமை இன்னும் 0வில் இருக்கிறது. இந்தச் சிப்களின் கார்டெக்ஸ் ப்ராசசரில் 0தான் மிக உயர்ந்தது, ஆர்டிஓஎஸ்ஸை அங்கிருந்து கூப்பிட முடியாது. ஆர்டுயினோவில் சர்வோ சேர்த்ததும் 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் போய்விட்டால் டைமர் 1ஐ லைப்ரரி எடுத்துக்கொண்டது.

ஆபீசில் சரியாகக் காட்டும் ஆர்பிஎம் பீன்யா ஷாப் ஃப்ளோரில் மட்டும் எகிறினால், பக்கத்தில் ஓடும் விஎஃப்டியின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இரைச்சல் கேப்சர் பின்னில் ஏறுகிறது. கேப்சர் ஃபில்டரை உச்சத்தில் வைத்தாலும், 72 மெகாஹெர்ட்ஸில், மாதிரி க்ளாக்கை வகுக்காமல் விட்டால், அது மறைப்பது வெறும் 3.6 மைக்ரோசெகண்ட், நான்கால் வகுத்தால் 14. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹார்ட்வேர்காரரிடம் போய் ஆர்சி ஃபில்டரோ ஆப்டோகப்ளரோ கேளுங்கள். மென்பொருளில் சரி செய்யச் சொல்லி அவர் உங்களையே திருப்பி அனுப்பப் பார்ப்பார், அனலைசர் படத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

இப்போது சுத்தம்

முதல் வேலை, ஃபீல்டில் ஓடும் பைனரி உங்களிடமுள்ள நிரலிலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பது. அதே கம்பைலர் வெர்ஷனில் பில்ட் செய்து ஒப்பிடுங்கள், பல இடங்களில் ஒத்துப்போகாது. ஒத்துப்போகும் இடத்தில் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரு டேக் போடுங்கள்.

அப்புறம் ஒரு அட்டவணை: எந்த டைமர், யாருக்குச் சொந்தம், என்ன க்ளாக், என்ன காலம், என்ன முன்னுரிமை. ஒரே டைமரின் ரெஜிஸ்டர்களை மூன்று ஃபைல்கள் எழுதுவது ஒரே அடுப்பில் மூன்று பேர் சமைப்பது போல; பிழைகளில் கணிசமானவை இந்த அட்டவணை போடும்போதே தானாக வெளியே வந்துவிடும். ஒரு டைமருக்கு ஒரு ஃபைல், மற்றவர்கள் ஃபங்ஷன் வழியாக மட்டும்.

7199 போன்ற எண்களை எடுத்துவிட்டு, க்ளாக்கிலிருந்தும் வேண்டிய அதிர்வெண்ணிலிருந்தும் கணக்கிடும் மேக்ரோவை வையுங்கள். அதன் கீழேயே ஸ்டாட்டிக் அசெர்ட் (பொய்யானால் பில்டையே நிறுத்தும் சோதனை): வகுத்தால் மீதி வரக்கூடாது, ரீலோட் 65535ஐத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன விகிதப் பிழைகளில் பலவற்றைக் கம்பைலரே பிடித்துத் தரும். வார்னிங்குகளை முழுசாகத் திறந்துவிடுங்கள், முக்கியமாகக் கன்வர்ஷன் வார்னிங். முதல் நாள் நூற்றுக்கணக்கில் கொட்டும், டைமர் ஃபைல்களில் வருவதை மட்டும் முதலில் தீர்த்தால் போதும்.

க்யூப்எம்எக்ஸ் (எஸ்டிஎம்32க்குத் தொடக்க நிரலை எழுதித் தரும் கருவி) உருவாக்கிய ஃபைல் என்றால் யூசர் கோட் பிகின், எண்ட் கமென்ட்களுக்கு நடுவில் மட்டும் எழுதுங்கள், வெளியே எழுதியது அடுத்த முறை ஜெனரேட் செய்யும்போது காணாமல் போகும். இன்டரப்ட்டுக்குள் ஃப்ளாக் துடைப்பது, நேரம் குறிப்பது, ஒரு கொடி ஏற்றுவது, இவ்வளவுதான் இருக்கலாம். வாட்ச்டாகை டைமர் இன்டரப்ட்டில் உதைக்கும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மெயின் லூப் செத்துப்போனாலும் இன்டரப்ட் உயிரோடு இருக்கும், வாட்ச்டாக் இருந்தும் இல்லாத கணக்கு.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த டெஸ்ட் பின்னை மறுபடி அளந்து, விகிதத்தைக் கமிட் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். இடைவெளி, டேப் எல்லாம் சீராக்கும் ஃபார்மேட்டரை ஓட்டுவது கடைசியில், தனிக் கமிட்டாக. லாஜிக் மாற்றத்தோடு அதைக் கலந்தால் ரிவ்யூ செய்பவர் இரண்டாயிரம் வரி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமலே அப்ரூவ் அழுத்திவிடுவார்.